பாக்தாத் பேரேடு

இந்தக் கணக்கை ஒரு சாவிக்கொத்திலிருந்து தொடங்குகிறேன்.

2003 ஏப்ரல் இரண்டாம் வாரம். பாக்தாத்தில் மின்சாரம் இல்லை. இராக் தேசிய அருங்காட்சியகத்தின் நிலவறைக்குள் சிலர் இறங்குகிறார்கள். ஒரு மூலையில் 30 பழுப்பு அலமாரிகள். உள்ளே ஏறக்குறைய 1 லட்சம் பழைய நாணயங்கள், பொன்னும் வெள்ளியுமாக. அவற்றோடு உருளை முத்திரைகளும். வந்தவர்களிடம் அலமாரிச் சாவிகள் இருந்தன. அவை எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருந்தன என்பது உள்ளே வேலை பார்த்த வெகு சிலருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எல்லாம் யோசித்து வந்தவர்கள் டார்ச் லைட் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பெட்டிகளில் மெத்தையாக வைத்திருந்த ஸ்பாஞ்சைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை பார்த்தார்கள். புகையிலும் இருட்டிலும் சாவிக்கொத்து கைநழுவி விழுந்தது. தையல் சாமான் போட்டு வைப்போமே, அந்த மாதிரி 103 பிளாஸ்டிக் பெட்டிகள் அங்கே இருந்தன. அவற்றைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியும் சாவி கிடைக்கவில்லை. கடைசியில் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு வந்த விசாரணைக் குழு, தரையில் கிடந்த குப்பையைத் துழாவி அதே சாவிக்கொத்தை எடுத்தது. அலமாரிகள் பூட்டியபடியே இருந்தன. ஒரு லட்சம் நாணயங்கள் இருப்பில் நின்றன. பெட்டிகளிலிருந்து போனவை 10,337. பேரேட்டில் பெரிய பற்று இதுதான். பத்திரிகைகள் மிகக் குறைவாக எழுதியதும் இதைப் பற்றித்தான்.

முதல் வாரத்தில் உலகப் பத்திரிகைகளில் ஓடிய எண் வேறு. 1,70,000 பொருட்கள் கொள்ளை போயின என்று தலைப்புப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, காணாமல் போனது 33தான் என்று செய்தி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, கொள்ளையே நடக்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்று எழுதியவர்களும் உண்டு. 1,70,000 என்பது அருங்காட்சியகப் பதிவேட்டில் இருந்த எண்களின் தொகை. அதாவது இருப்பு. ஒரே பதிவு எண்ணின் கீழ் பல துண்டுகள் இருக்கலாம் என்பதால், தனித்தனியாக எண்ணினால் 5 லட்சம் வரை போகும் என்றார்கள். 33 என்பது காட்சிக் கூடத்தின் முக்கியப் பொருட்களில் அந்த நேரத்தில் கிடைக்காமல் இருந்தவை. இருப்பைப் பற்று என்று எழுதினார்கள் ஒரு சாரார். மூன்று இடங்களில் ஒன்றின் பற்றை மட்டும் மொத்தப் பற்று என்றார்கள் மறு சாரார்.

கடையில் ஸ்டாக் எடுத்தவர்களுக்கு இது புரியும். திருட்டு நடந்த மறுநாள் என்ன போனது என்று யாராலும் சொல்ல முடியாது. எது மிச்சம் என்று எண்ணி முடித்தால்தான் எது போனது என்று தெரியும். பாக்தாத்தில் அப்படி எண்ண வேண்டியது லட்சக் கணக்கில் இருந்தது. பதிவேடு கணினியில் ஏறவில்லை. காகிதத்தில் இருந்ததையும் அறை அறையாக இறைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆரம்ப இருப்பைப் பார்த்துவிடுவோம். ஜெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1923இல் அரசாங்கக் கட்டடத்தின் ஓர் அறையில் சேர்த்துவைக்கத் தொடங்கியது இது. 1926 ஜூனில் தனிக் கட்டடத்தில் திறந்தார். அடுத்த மாதமே இறந்துபோனார். தோண்டியெடுப்பவர்களும் இராக்கும் கண்டெடுத்ததைப் பங்கு போட்டுக்கொள்வது அந்தக் கால வழக்கம். பங்கில் இராக்குக்கு வந்தவை இங்கே சேர்ந்தன. பெர்லின் ஒலிம்பிக் அரங்கத்தைக் கட்டிய வெர்னர் மார்ச் வரைந்த இன்றைய கட்டடத்துக்கு 1966இல் குடிவந்தது. வளாகம் சுமார் 11 ஏக்கர். 1991 வளைகுடாப் போரில் மூடியதை மறுபடி திறக்க 2000 ஆனது. அந்தப் போரை ஒட்டிய கலவரத்தில் மாகாண அருங்காட்சியகங்கள் ஒன்பதில் ஏறக்குறைய 4,000 பொருட்கள் போயின. பெரும்பாலானவை திரும்பவில்லை.

அந்த அடியில் ஊழியர்கள் பாடம் படித்திருந்தார்கள். 2003 போருக்கு முன்பே காட்சிப் பெட்டிகளிலிருந்து 8,366 பொருட்களை எடுத்து ரகசிய இடத்தில் வைத்தார்கள். இடம் தெரிந்தவர்கள் ஐந்து பேர். வெளியே சொல்வதில்லை என்று குர்ஆன் மீது சத்தியம் செய்தவர்கள். 39,453 கையெழுத்துச் சுவடிகளும் நூல்களும் 337 பெட்டிகளில் நகரின் மேற்கே ஒரு பதுங்கு அறைக்குப் போயின. அவற்றை அந்தப் பகுதி மக்களே காவல் காத்தார்கள். நிம்ருதில் 1988 முதல் 1990 வரை முஸாஹிம் மஹ்மூத் ஹுசைன் குழு தோண்டியெடுத்த அசீரிய அரசியரின் நகைகள், 613 உருப்படி, 1990களின் தொடக்கத்திலிருந்தே மத்திய வங்கியின் நிலவறையில் இருந்தன. வங்கியின் நிலவறையில் வெள்ளம் புகுந்து, தண்ணீரை இறைத்து முடிக்க வாரக் கணக்கானது. 2003 ஜூனில் பெட்டிகளைத் திறந்தபோது 613ம் இருந்தது. அதில் ஒரு நகை குறைந்திருந்தால்கூட உலகம் முழுக்கச் செய்தியாகியிருக்கும். ஒன்றும் குறையாததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 8 முற்பகலில் கடைசி ஊழியர்கள் வெளியேறினார்கள். 12ஆம் தேதி திரும்பி வந்தார்கள். அமெரிக்க டாங்கிகள் வாசலுக்கு வந்தது 16ஆம் தேதி. 8க்கும் 12க்கும் நடுவே நடந்ததுதான் கொள்ளை. 12க்கும் 16க்கும் நடுவே நாலு நாள் யாரும் காவலுக்கு வராமல் ஊழியர்களே வாசலில் நின்றார்கள். கட்டடத்துக்கு ஏற்பட்ட போர்ச் சேதம் என்று பார்த்தால் அதிகம் இல்லை. வளாகத்தில் ஆயுதக்காரர்கள் நிலையெடுத்துச் சுட்டார்கள். குழந்தைகள் அருங்காட்சியகத்தின் அசீரியத் தோரண வாயில் முகப்பில் டாங்கிக் குண்டு ஓர் ஓட்டை போட்டது. அந்த ஓட்டையின் படம் உலகம் முழுக்கப் போனது.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் மாத்யூ போக்தானோஸ் என்ற அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை கர்னல் விசாரணைக் குழுவோடு வந்தார். போருக்கு முன் அவர் மன்ஹாட்டனில் அரசு வழக்கறிஞர். கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். இராக் தரப்பில் டோனி ஜார்ஜ் யூகன்னா, நவாலா அல் முதவல்லி முதலியோர் கூடவே இருந்து எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையைப் போக்தானோஸ் 2005இல் விரிவாக வெளியிட்டார். அவர் சொல்வதில் முக்கியமானது, வந்தவர்கள் ஒரே கூட்டம் இல்லை, மூன்று. ஆகவே பேரேட்டிலும் மூன்று வரி:

காட்சிக் கூடம்: போனது 40, வந்தது 15.
மேல்தளக் கிடங்குகள்: போனது 3,138, வந்தது 3,037.
நிலவறை: போனது 10,337, வந்தது 2,307.

முதல் வரிக்காரர்கள் பொருள் தெரிந்தவர்கள். 451 காட்சிப் பெட்டிகளில் உடைந்தவை 28 மட்டுமே. பல பெட்டிகள் முன்பே காலி என்பது ஒரு காரணம். இன்னொன்று, பிரதிகளை அவர்கள் தொடவில்லை. ஹம்முராபி கல்வெட்டின் அசல் பாரிஸில் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் பாக்தாதில் நிற்கும் நகலைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவான். எடுத்ததெல்லாம் முதல் தரம். மன்னன் நாராம் சின் காலத்து பாஸெட்கி செம்புச் சிலை சுமார் 150 கிலோ. இடுப்புக்குக் கீழே மட்டும் மிஞ்சிய உருவம், கால்களை மடக்கி உட்கார்ந்திருப்பது. அதைத் தூக்க முடியாமல் படியில் உருட்டி இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் பெயர்ந்த பள்ளம் இருந்தது. நவம்பரில் சிலை ஒரு மலக்குழியில் அகப்பட்டது, உடம்பெல்லாம் வண்டி அச்சுக்குப் போடும் கிரீஸ் பூசியபடி. ஒளித்து வைத்தவனுக்கு அதன் விலை தெரிந்திருந்தது. களிம்பேறாமல் காப்பாற்றியது அந்த கிரீஸ்தான்.

வார்கா பாத்திரத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஐயாயிரம் ஆண்டுப் பழைய, ஆளின் இடுப்பளவு உயரச் சலவைக்கல் பாத்திரம். அடியில் தண்ணீரின் அலைக்கோடு. அதன் மேல் பயிர், ஆடுகள், கூடை சுமந்த ஆண்கள், உச்சியில் இனன்னா தெய்வத்தின் கோயிலுக்குக் காணிக்கை. பதிவேட்டு எண் 19606. பீடத்திலிருந்து அதைப் பிய்த்தெடுத்தபோது உடைந்தது. 2003 ஜூன் 12 அன்று மூன்று இளைஞர்கள் ஒரு சிவப்பு டொயோட்டாவின் டிக்கியில் போர்வை சுற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். எண்ணிப் பார்த்ததில் 14 துண்டு. பழைய ஒட்டுகள் இருந்த இடத்திலேயே பெரும்பாலும் விட்டிருந்தது. 1930களில் ஜெர்மானியர்கள் உருக் (இன்றைய வார்கா) நகரில் கண்டெடுத்தபோதே அது உடைந்து ஒட்டியதுதான். 14 துண்டு வந்தது என்று எழுதாமல், பேரேட்டில் 1 வந்தது என்று எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் கிடங்கு வரியில் பானையோடு ஒன்று வந்தாலும் 1தான். இந்த அநியாயம் எண்ணுக்கே உரியது.

வார்கா முகம் என்ற சிற்பம் செப்டம்பரில் ஒரு தோட்டத்து மண்ணுக்கடியில் கிடைத்தது. லகாஷ் மன்னன் என்தெமெனாவின் தலையில்லாத கருங்கல் சிலை 2006இல் அமெரிக்காவில் அகப்பட்டது. 2005 கணக்கில் அது சேராது, ஆகவே 15ஐ 16 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வரி, கிடங்கு வரி, அக்கம்பக்கத்து மக்களுடையது. கதவு திறந்திருக்கிறது, எல்லாரும் எடுக்கிறார்கள், நாமும் எடுப்போம் என்று வந்தவர்கள். ஜாடி, கிண்ணம், ஓட்டுத்துண்டு என்று கைக்கு வந்தது. பொதுமன்னிப்பு அறிவித்து, யார் எவர் என்று கேட்க மாட்டோம் என்றதும் 1,924 தானாகத் திரும்பியது. மசூதியில் தொழுகைக்குப் பிறகு சொன்னார்கள், டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். பை பையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்னொரு 1,113 சோதனைகளில் பிடிபட்டது. 101தான் பாக்கி. நூற்றுக்கு 97 வசூல். கடன் கொடுத்தவர் யாரும் இப்படி ஒரு வசூலைக் கண்டிருக்க மாட்டார். பாக்தாத்காரர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே சூறையாடினார்கள் என்று அன்று உச்சுக்கொட்டியவர்கள் இந்த 97ஐப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரிக்கு மன்னிப்பு வேலை செய்யவில்லை. சாவி எங்கே என்று தெரிந்து, செங்கல் வைத்து அடைத்த பின்வாசலின் மேற்பகுதியை உடைத்து, நேராக அந்த மூலைக்குப் போனவர்கள் அவர்கள். எடுத்ததில் 4,795 உருளை முத்திரைகள். மிச்சம் 5,542 ஊசி, மணி, தாயத்து, கண்ணாடிக் குப்பி, நகை. மீண்ட 2,307இல் இராக்குக்குள் கிடைத்தது 911, வெளிநாட்டில் 1,396. முந்தின வரியில் பொருள் ஊருக்குள்ளேயே சுற்றியது. இந்த வரியில் எல்லை தாண்டிவிட்டது.

முத்திரை எவ்வளவு பெரிது என்று தெரிந்தால்தான் இந்த வரி புரியும். சுண்டுவிரல் நுனியின் அளவு. 2, 3 சென்டிமீட்டர் நீளம், நடுவில் நூல் கோக்க ஓட்டை. சூதுபவளம், லாபிஸ் லசுலி, ஹேமடைட், வெறும் சுண்ணாம்புக்கல் என்று எதிலும் செய்திருப்பார்கள். ஈரக் களிமண் மேல் வைத்து உருட்டினால் ஒரு படம் நீளமாக விழும்: தெய்வத்தின் முன் நிற்கும் மனிதன், காளையோடு மல்லுக்கட்டும் வீரன், சில சமயம் உரியவனின் பெயர். அதுதான் கையெழுத்து. சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4,795 முத்திரையை வரிசையாக வைத்தால் 120 மீட்டர்கூட வராது. கனஅளவு ஏறக்குறைய 21 லிட்டர். இடைவெளிக்கும் சேர்த்தால் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் இரண்டில் அடங்கிவிடும். நகர நாகரிகத்தின் மூவாயிரம் ஆண்டுக் கையெழுத்துகள், இரண்டு கேன்.

விலைப் பக்கம் பார்த்தால் ஏன் அந்த மூலைக்கு நேராகப் போனார்கள் என்பது விளங்கும். 2001இல் நியூயார்க் ஏலத்தில் ஒரே ஒரு உருளை முத்திரை 4,24,000 டாலருக்குப் போயிருந்தது. 150 கிலோச் சிலையை மலக்குழியில்தான் ஒளிக்க முடியும். முத்திரையைச் சட்டைப்பையில் போட்டு விமானம் ஏறலாம். 2007 டிசம்பரில் இன்னொரு ஏலம் நடந்தது. எட்டேகால் சென்டிமீட்டர் உயரப் பெண்சிங்கம், 1931இல் பாக்தாத் அருகே கிடைத்ததாகச் சொல்லப்படுவது. இந்த அருங்காட்சியகத்துச் சொத்து இல்லை, பல பத்தாண்டுகளாக அமெரிக்கத் தனியார் சேகரிப்பில் இருந்தது. அது 5 கோடியே 72 லட்சம் டாலருக்கு விற்றது.

சீரமைப்புச் செலவு இதோடு ஒப்பிட்டால்தான் உறைக்கும். 2008இல் இராக்கின் தொல்பொருள் மீட்புக்கு அமெரிக்கா அறிவித்தது ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் டாலர். அருங்காட்சியகக் கட்டடத்தைச் சீர்செய்வது, ஊழியர் பயிற்சி, எர்பிலில் தொல்பொருள் பாதுகாப்புக் கல்வி நிலையம் எல்லாம் அதற்குள். கைப்பிடியளவு சிங்கம் ஒன்றின் விலையில் கால் பங்கு.

கட்டடம் மெதுவாகத்தான் எழுந்தது. 2003 ஜூலையில் நிம்ருத் நகைகளைச் சில மணி நேரம் காட்டிவிட்டு மூடினார்கள். 2006இல் நகரம் உள்நாட்டுச் சண்டையில் எரிந்தபோது டோனி ஜார்ஜ் வாசல்களைக் கான்கிரீட் போட்டு அடைத்தார். அதன்பின் மிரட்டல் தாங்காமல் நாட்டைவிட்டே போனார். 2011இல் வெளிநாட்டில் இறந்தார். அசீரியக் கூடத்தையும் இஸ்லாமியக் கூடத்தையும் இத்தாலியர்கள் புதுப்பித்துக் கொடுத்தார்கள். 2009 பிப்ரவரி 23 அன்று பிரதமர் மாலிகி திறந்துவைத்தபோது 26 கூடங்களில் 8தான் தயார். முழுத் திறப்பு 2015 பிப்ரவரி 28. மோசுல் அருங்காட்சியகத்தில் ஐஎஸ் ஆட்கள் சம்மட்டியால் சிலைகளை உடைக்கும் காணொளி வெளியாகி அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குப் பதிலாகவே திறப்பை முன்கூட்டி வைத்தார்கள். போர் நடந்து 12 ஆண்டு ஆகியிருந்தது.

இனி வரவுப் பக்கம். இங்கேதான் பேரேடு குழம்புகிறது. 2008இல் சிரியா சுமார் 700 பொருட்களையும் ஜோர்டான் 2,466 பொருட்களையும் திருப்பிக் கொடுத்தன. 2009 திறப்பின்போது போன 15,000இல் 6,000 வந்துவிட்டது என்றார்கள். 2015 திறப்பின்போது வந்தது 4,300 என்றார்கள். ஆறு வருடத்தில் வரவு குறைந்த கணக்கு இது ஒன்றுதான் இருக்கும். 2021இல் அமெரிக்காவிலிருந்து ஒரே தவணையில் 17,000 பொருட்கள் பிரதமரின் விமானத்தில் வந்து இறங்கின. போனது 15,000, ஒரே தடவையில் வந்தது 17,000, கணக்கு நேர் என்று நினைக்கத் தோன்றும். தொலைக்காட்சியில் சிலர் அப்படித்தான் பேசினார்கள்.

அந்த 17,000இல் ஏறக்குறைய 12,000 வாஷிங்டனில் பைபிள் அருங்காட்சியகம் வைத்திருந்தவை. 5,000க்கு மேல் கார்னெல் பல்கலைக்கழகத்திடம் இருந்தவை. பெரும்பாலும் களிமண் ஏடுகள். இவை பாக்தாத் கிடங்கிலிருந்து போனவை என்று எழுத முடியாது. அருங்காட்சியகப் பொருளில் மையால் எழுதிய பதிவு எண் இருக்கும், பதிவேட்டில் கண்டெடுத்த இடம் இருக்கும். எண்ணை அழித்தாலும் பதிவேட்டை வைத்து அடையாளம் காணலாம். இந்த ஏடுகளுக்கு எண்ணே கிடையாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலும் 2003க்குப் பிறகும் தெற்கு இராக்கின் மேடுகளில் இரவில் குழி தோண்டி எடுத்த சரக்கு அந்தச் சந்தையில் குவிந்து கிடந்தது. எந்த ஊர், எந்த வீடு, எந்த அடுக்கு என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு கிடங்கின் நஷ்டத்தை வேறொரு கிடங்கின் சரக்கால் நிரப்பி ஐந்தொகையைச் சமன் செய்தால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்தச் சந்தை எப்படி நடந்தது என்பதற்கும் எண் இருக்கிறது. ஹாபி லாபி என்ற அமெரிக்கக் கைவினைப் பொருள் கடைத் தொடர் 2010இல் 5,500 உருப்படிகளை 16 லட்சம் டாலருக்கு வாங்கியது. தலைக்கு 291 டாலர். பெட்டிகள் மேல் களிமண் ஓடுகள், மாதிரி என்று எழுதி வந்தன. 2017இல் 30 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு சுமார் 3,800 உருப்படிகள் இராக்குக்குத் திரும்பின. கில்காமேஷ் கனவு ஏடு என்று ஒன்று. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, 3,500 ஆண்டுப் பழையது. 2003இல் லண்டனில் ஒரு வியாபாரி கொடுத்த விலை 50,350 டாலர். 2014இல் அதே கடைத் தொடர் கொடுத்தது 16,74,000 டாலர். நடுவில் 11 ஆண்டு, 33 மடங்கு, ஒரு பொய்யான பூர்வீகக் கடிதம். 2021 டிசம்பரில் ஏடு பாக்தாத் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வரவை நிலவறை வரியில் எழுத இடமில்லை.

ஆகவே 2005 கணக்கையே கூட்டிக் கழிக்கிறேன். போனது 13,515. வந்தது 5,359. பாக்கி 8,156. பாக்கியில் 8,030 நிலவறையுடையது, நூற்றுக்கு 98. அதற்குப் பிறகு வந்தவற்றைத் தள்ளினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. அகப்பட்ட சிலைகளின் படங்கள் உலகத்துக்கு நினைவிருக்கின்றன. அகப்படாதவை சட்டைப்பை அளவில் இருப்பவை. லாமியா அல் கைலானி வெர் என்ற இராக்கிய அறிஞர் இந்த அருங்காட்சியகத்தின் பழைய பாபிலோனிய முத்திரைகளை ஒவ்வொன்றாகப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். கொள்ளைக்குப் பிறகு திரும்பி வந்து சீரமைப்பில் உதவினார். 2019இல் காலமானார். அவர் கையில் உருட்டிப் பார்த்த முத்திரைகளில் எத்தனை இன்று யார் அலமாரியில் இருக்கின்றனவோ!

காட்சிக் கூடத்து வரியில் பாக்கி நிற்பவற்றில் ஒன்று ஒரு யானைத்தந்தப் பலகை. உயரம் பத்து சென்டிமீட்டர். தாமரைப் பூக்களுக்கு நடுவே ஒரு பெண்சிங்கம் நூபிய இளைஞன் ஒருவனின் கழுத்தைக் கவ்வியிருக்கிறது. அவன் சுருட்டை முடியின் ஒவ்வொரு சுருளுக்கும் பொன் முனை. பூக்களில் லாபிஸும் சூதுபவளமும். நிம்ருத் அரண்மனைக் கிணற்றின் சேற்றிலிருந்து மாக்ஸ் மாலோவன் 1951இல் எடுத்தது. கிடைத்தது ஜோடியாக. பங்கு பிரித்தபோது ஒன்று லண்டனுக்கும் ஒன்று பாக்தாதுக்கும் போனது. லண்டனுக்குப் போனதுதான் பிழைத்தது பார்த்தீர்களா என்று சிலர் சொல்வதுண்டு. ஏப்ரல் 8 முதல் 12 வரை வாசலில் டாங்கி நிறுத்தாமல் விட்டது எந்தெந்த நாட்டு ராணுவம் என்பதை அவர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. லண்டன் பலகை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மற்றதன் நேரே பாக்தாத் பதிவேட்டில் கடைசிப் பத்தி காலியாக இருக்கிறது.